திருப்பூர் டி-ஷர்ட் 449, பங்களாதேஷ் டி-ஷர்ட் 299: நடுவில் இருக்கும் 150 ரூபாய்

இரண்டும் கறுப்பு, ரவுண்ட் நெக், எல் சைஸ். இரண்டிலும் '100% காட்டன்' லேபிள். ஒன்று திருப்பூர் பனியன் கம்பெனி சரக்கு. இன்னொன்றின் பிராண்டு பெயரும் இந்தியப் பெயர்தான். பக்கத் தையலில் இருக்கும் குட்டி லேபிளைத் திருப்பினால்தான் 'மேட் இன் பங்களாதேஷ்' தெரியும்.

தராசில் வைத்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். திருப்பூர் பீஸ் 196 கிராம், மற்றது 158. முன்னது 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) துணி, பின்னது 145 வாக்கில். கட்டிங் வேஸ்டையும் சேர்த்தால் திருப்பூர் பீஸுக்கு ஏறக்குறைய 45 கிராம் துணி கூடுதலாகப் போயிருக்கும். சாயமிட்ட துணி கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இது 18 ரூபாய்தான். ஆனால் மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று ஆளாளுக்குச் சதவீதத்தில் மார்ஜின் வைப்பதால், கவுண்டருக்கு வரும்போது 40 ரூபாய் ஆகிவிடும். இனி சொல்லும் செலவுகளும் இப்படித்தான் பெருகுகின்றன.

பெரிய செலவு தண்ணீரில் இருக்கிறது. கறுப்பு மாதிரி அடர் நிறத்துக்கு ரியாக்டிவ் சாயத்தோடு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு போட வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதிலிருந்து, திருப்பூரில் அந்தக் கழிவுநீரைச் சொட்டுக்கூட நொய்யலில் விட முடியாது. ஆர்.ஓ.வில் வடித்து, மிஞ்சியதை எவாப்பரேட்டரில் சுண்டவைத்து உப்பைத் திரும்ப எடுக்க வேண்டும். கரண்ட், விறகு, மெம்பரேன் என எல்லாச் செலவும் டையிங் கூலியில் ஏறிவிடும். போட்டி நாடுகளில் இந்த அளவுக்குக் கட்டாயம் கிடையாது.

கூலியிலும் வித்தியாசம் உண்டு. பங்களாதேஷில் 2023 டிசம்பர் முதல் ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 டாக்கா. நம் பணத்தில் 9,000 ரூபாய் அளவில்தான் வரும். அங்கே ஒரே டிசைனை லட்சக்கணக்கில் ஓட்டுவதால் தையல் லைனும் நிற்காது. திருப்பூருக்கு வரும் உள்நாட்டு ஆர்டரோ நிறத்துக்கு முந்நூறு, நானூறு பீஸ் என்று வரும். நிட்டிங், டையிங், காம்பேக்டிங் (துணியை முன்கூட்டியே சுருக்கி அளவு நிலைப்படுத்துவது), பிரிண்டிங் எல்லாம் வெவ்வேறு இடத்தில் ஜாப் ஒர்க், ஒவ்வொன்றுக்கும் டெம்போ வாடகை.

அடுத்தது வரி. தெற்காசிய நாடுகளின் வர்த்தக ஒப்பந்தமான சாஃப்டாவால் 2011 முதல் பங்களாதேஷ் ஆடைக்கு இங்கே சுங்கவரி இல்லை. சீனத் துணியில் தைத்தாலும், அங்கே குறிப்பிட்ட அளவு மதிப்புக் கூட்ட வேண்டும் என்ற விதிக்குள் வந்தால் போதும். திருப்பூர்க்காரர் சீனத் துணியை நேரடியாக இறக்கினால், பல நிட்டட் ரகங்களுக்கு 2025 பட்ஜெட்டின்படி 20% அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். ஆனால் 2025 மே மாதம் பங்களாதேஷ் ஆடைக்கு இந்தியா தரைவழியை மூடி, கொல்கத்தா, மும்பை பக்கத்து நவசேவா துறைமுகங்கள் வழியாக மட்டுமே என்று ஆக்கியதால் பங்களாதேஷ்காரர்களுக்கு நாளும் வாடகையும் கூடியிருக்கிறது.

சரி, 150 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? துவைத்த பிறகு திருப்பூர் பீஸின் நீளம் 72 செ.மீ.யிலிருந்து 70.5 ஆனது, மற்றது 69. காம்பேக்டிங் சரியாகச் செய்யாத துணி இப்படித்தான் சுருங்கும். பங்களாதேஷ் பீஸின் பக்கத் தையல் முன்பக்கமாகத் திரும்பியும் விட்டது. நூலின் முறுக்கு துணியை இழுப்பதால் வரும் கோளாறு இது. அயர்ன் பண்ணினாலும் போகாது. ஆனால் தையலில் பங்களாதேஷ்தான் சுத்தம். திருப்பூர் பீஸில் கீழ் மடிப்பின் பிளாட்லாக் தையலில் இரண்டு இடத்தில் நூல் பிசிறு, செக்கிங்கில் கோட்டைவிட்டிருக்கிறார்கள்.

திருப்பூரின் மொத்த விற்பனைச் சந்தையான காதர்பேட்டையில் 'எக்ஸ்போர்ட் குவாலிட்டி' என்று சொல்லி விற்பதெல்லாம் இந்தத் தரம் இல்லை. குட்டை இழைகளை நீக்காத கார்டட் நூலில் ஓட்டி, பயோ வாஷால் (என்சைம் சலவை) பளபளப்பாக்கியதும் அதில் கலந்திருக்கும். நாலு துவைப்பில் உருண்டை தட்டும். மொத்தமாக எடுப்பவர்கள் சாம்பிளில் 10-க்கு 10 செ.மீ. வெட்டி எடை போடுங்கள், 1.8 கிராம் இருந்தால் 180 ஜி.எஸ்.எம். கழுத்து ரிப்பை இழுத்து விட்டதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் அதில் லைக்ரா என்ற இழுவை நூல் இல்லை. தோளிலிருந்து தோளுக்கு டேப் இருக்கிறதா என்றும் பாருங்கள். இவை மூன்றும் இருந்தால் 449 நியாயமான விலை. இல்லையென்றால் 299-ஐயே எடுக்கலாம்.

ஜிம்முக்கு பாலியெஸ்டர் ஜெர்சி தேடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் திருப்பூர் இன்னும் பின்தங்கியே இருக்கிறது, இறக்குமதியையே வாங்கலாம்.