பெருந்துறை ரோட்டு ‘ஸ்மார்ட் டீச்சிங்’ பயிற்சி: 4,500 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

கம்ப்யூட்டர், ஆப் வைத்துப் பாடம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கிற இந்தப் பயிற்சி பி.எட். படிக்கிற பிள்ளைகளுக்கு உபயோகமானதுதான். ஆனால் நாலு வாரம் சனி, ஞாயிறு நடக்கிறதில் கடைசி இரண்டு வாரத்துக்குத்தான் அந்தக் காசு தகும். முதல் இரண்டு வாரம் சொல்லிக்கொடுப்பதை வீட்டில் உட்கார்ந்து யூடியூப்பில் சும்மாவே பார்த்துக்கொள்ளலாம். மையத்தின் பெயரைப் போடவில்லை. பாராட்டு பாதி, குறை பாதி எழுதப் போகிறேன், எதற்கு வம்பு. ஈரோட்டில் பி.எட். படிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

நான் கோபி பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். 2015-16 முதல் பி.எட். இரண்டு வருடப் படிப்பாகிவிட்டது. இரண்டாம் வருடத்தில் 16 வாரம் பள்ளியில்தான் இருக்க வேண்டும். அப்படி எங்களிடம் வருகிற பிள்ளைகள் பாதிப்பேர் வந்த வேகத்தில் கேட்பது, “மிஸ், ஸ்மார்ட் போர்டுல எடுக்கட்டுங்களா?” சரி எடு என்றால், பாடப்புத்தகப் பக்கத்தை அப்படியே ஸ்லைடில் ஏற்றி, திரையைப் பார்த்து வாசிப்பார்கள். நாற்பது நிமிஷமும் முதுகுதான் வகுப்பைப் பார்த்திருக்கும். என் தங்கை மகளும் அந்த ரகம்தான். அவளைச் சேர்த்துவிடப் போன இடத்தில், வேலையில் இருக்கிற ஆசிரியர்களும் சேரலாம் என்றார்கள். அதே கட்டணம்தான். சேர்ந்துவிட்டேன்.

இடம் இரண்டாம் மாடி. ஏசி நன்றாக வேலை செய்தது, கழிவறை சுத்தம், தண்ணீருக்குக் குறைவில்லை. கம்ப்யூட்டர்தான் குறைவு. இருபத்தெட்டுப் பேருக்குப் பதினைந்து. இரண்டு பேருக்கு ஒன்று என்று உட்கார வைத்தார்கள். இப்படி உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று வகுப்பெடுத்தவர்களுக்குத் தெரியும்: மவுஸ் யார் கையில் இருக்கிறதோ அவர் கற்றுக்கொள்வார், இன்னொருவர் வேடிக்கை பார்ப்பார். ஆணும் பெண்ணும் உட்கார்ந்த ஜோடியில் மவுஸ் யாரிடம் இருந்தது என்பதைச் சொல்லவே வேண்டாம். மாற்றி மாற்றிப் பிடிக்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆசிரியர்களைத் தயார் செய்கிற இடத்திலேயே இப்படி.

முதல் இரண்டு வாரம் எடுத்தவர் கோயமுத்தூரில் ஐ.டி. கம்பெனியில் இருந்துவிட்டு வந்த இளைஞர். சுறுசுறுப்பு, நல்ல குரல். ஆனால் ஒரு காலைப்பொழுதில் கஹூட், குவிசிஸ், பேட்லெட், மென்டிமீட்டர், கேன்வா, கூகுள் ஃபார்ம் என்று, வினாடி வினா நடத்த, ஸ்லைடு செய்ய இருக்கிற ஆப்களை வரிசையாகக் காட்டிக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் ஒரு அக்கவுண்ட் தொடங்கினோம். மத்தியானத்துக்குள் பாஸ்வேர்டு மறந்தாயிற்று. இதில் பாதி ஆப்களுக்கு மாணவர் ஒவ்வொருவர் கையிலும் போனோ டேப்லெட்டோ வேண்டும். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் போன் கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொண்டு அப்பாவைக் கூட்டிவரச் சொல்லுவோம். அந்தியூர்ப் பையன் ஒருவன் எழுந்து இதையே கேட்டான். “ஃப்யூச்சர்ல வந்துரும் ப்ரோ” என்றார்.

இத்தனைக்கும் இதற்குத் தோதான ஒன்று கையிலேயே இருந்தது: பிளிக்கர்ஸ். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு காகித அட்டை, அதில் கறுப்புக் கட்டங்களால் ஒரு குறி. அட்டையை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார்களோ அதற்கேற்ப நான்கு விடைகளில் ஒன்று. ஆசிரியர் தன் போனை வகுப்பின் மேல் ஒரு வீச்சு வீசினால் யார் எந்த விடை என்று வந்துவிடும். ஒரே ஒரு போன் போதும், அட்டையை ஒரு தடவை பிரிண்ட் எடுத்தால் வருடம் முழுக்க வரும். இதைத்தான் இரண்டாம் ஞாயிறு சாயங்காலம், எல்லாரும் பையைத் தூக்கும் நேரத்தில் பத்து நிமிஷத்தில் சொல்லி முடித்தார். அரை நாள் தந்திருக்க வேண்டிய விஷயம்.

இன்னொரு வகுப்பில் மூன்று வட்டம் போட்டார். பாடம், கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம். மூன்றும் சேரும் நடு இடம்தான் ஆசிரியரின் இடம். 2006-இல் அமெரிக்காவில் மிஸ்ரா, கேலர் என்ற இருவர் எழுதியது, டிபேக் என்பார்கள். பி.எட். பாடத்திலும் வருகிறது, பரீட்சைக்கு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். வட்டம் போட்டார், பெயர் சொன்னார், அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். அந்த நடு இடம் எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு பாடத்தை வைத்தாவது காட்டியிருக்கலாம்.

அதைக் காட்டியவர் மூன்றாம் வாரம் வந்த பெரியவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கணக்குக்காரர். வட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வந்ததும், பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை மேஜையில் போட்டு, “இதுல கம்ப்யூட்டர் எங்க இருக்குதுன்னு எடுத்துக் காட்டுங்க பார்க்கலாம்” என்றார். யாருக்கும் தெரியவில்லை. புதுப் பாடத்திட்டப் புத்தகங்கள் வந்ததிலிருந்து அதில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. கியூஆர் கோடு, படிப்படியாகச் செய்முறை, பெரும்பாலும் ஜியோஜீப்ரா என்கிற கணக்கு சாஃப்ட்வேரில். பரீட்சைக்கு வராது என்று நாங்கள் எல்லாரும் தாண்டிப் போகிற பக்கம். ஜியோஜீப்ரா 2001-இல் ஆஸ்திரியாவில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் படிக்கும் காலத்தில் உருவாக்கியது. பள்ளிக்கூடத்துக்கு இலவசம், ஒருமுறை இறக்கிவைத்தால் நெட் இல்லாமலும் ஓடும்.

அடுத்து அவர் செய்ததுதான் நான் கட்டிய காசுக்கு ஈடு. இருபடிச் சமன்பாட்டு வரைபடம் தெரியுமல்லவா, பத்தாம் வகுப்பில் எட்டு மார்க். மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளைக்கூட அந்த எட்டு மார்க்கை நம்பித்தான் தேற்றுவோம். என் தங்கை மகளைக் கூப்பிட்டு அதை எடுக்கச் சொன்னார். அவள் வர்க்கத்துக்கு முன்னால் நிற்கும் எண்ணை, அதாவது கெழுவை, மாற்றுகிற ஸ்லைடரைப் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்தாள். பரவளைய வளைவு விரிந்தது, சுருங்கியது, கவிழ்ந்தது. பார்க்க அழகாக இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பெரியவர் தட்டவில்லை.

“அம்மணி, ஸ்லைடர்ல இருந்து கைய எடு. இப்ப வர்க்கத்தோட கெழு ஒண்ணு. அதை ரெண்டாக்கினா படம் அகலமாகுமா, குறுகுமா? எல்லாரும் நோட்டுல வரையுங்க. வரைஞ்சப்புறம் இழு.”

பாதிப்பேர் அகலமாகும் என்று வரைந்திருந்தார்கள். எண் பெரிதானால் படமும் பெரிதாகும் என்ற நினைப்பு. ஸ்லைடரை இழுத்தாள், படம் குறுகியது. அந்த ‘அட’ இருக்கிறதே, முதலில் கை தட்டியபோது அது வரவில்லை. அப்புறம் பாதியாக்கினால்? மைனஸ் ஒன்று ஆக்கினால்? ஒவ்வொரு தடவையும் முதலில் நோட்டு, பிறகு திரை. கடைசியாகக் கெழுவைப் பூஜ்யத்தில் நிறுத்தச் சொன்னார். வளைவு போய் நேர்கோடு வந்து நின்றது. “புத்தகத்துல கெழு பூஜ்யமா இருக்கக் கூடாதுன்னு ஒரு வரி போட்டிருக்குதே, எதுக்குன்னு தெரிஞ்சுதுங்களா?” இத்தனை வருடம் அந்த வரியைக் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் காட்டிப் பார்த்ததில்லை.

இன்னொன்று. அந்தியூர்ப் பையன் இயற்பியல். திரையிலேயே சோதனை செய்து பார்க்க கொலராடோ பல்கலைக்கழகம் தருகிற ஃபெட் சிமுலேஷனில் மின்சுற்று எடுத்தான். பேட்டரி, வயர், பல்பு எல்லாம் திரையிலேயே இணைத்து எரியவிட்டான். பெரியவர் கேட்டார்: “தம்பி, கடைக்குப் போனா பேட்டரியும் பல்பும் அம்பது ரூபாய்க்குக் கெடைக்குது. பசங்க கையாலயே எரியவெச்சுப் பார்க்கலாம். இதுக்கு எதுக்குத் திரை?” பையன் முழித்தான். அவரே சொன்னார்: பல்பு எரிவதற்குத் திரை வேண்டாம், வயருக்குள் ஓடுவதைக் காட்ட வேண்டும் என்றால் வேண்டும். பல்பு மின்சாரத்தைத் ‘தின்றுவிடும்’, தாண்டிப் போகும்போது குறைந்துபோகும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். சிமுலேஷனில் எலக்ட்ரான்கள் பல்புக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே வேகத்தில் ஊர்ந்து போவது தெரியும். அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் திரையைப் போடு, மற்ற நேரம் அணைத்துவை என்றார். ஃபெட்டில் பல சிமுலேஷன்கள் தமிழிலும் இருக்கின்றன, இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமல் ஓடும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

கடைசி வாரம் ஆளாளுக்குப் பதினைந்து நிமிஷம் பாடம் எடுக்க வேண்டும். நடுவில் அவர் மெதுவாக எழுந்து போய் புரொஜெக்டர் சுவிட்சை அணைத்துவிடுவார். “கரண்ட் போயிருச்சுங்க. பாடம் நின்னு போயிருமா?” மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம் வருகிற ஊர்களில்தான் இவர்கள் வேலை பார்க்கப் போகிறார்கள், அதனால் இதில் குரூரம் ஒன்றும் இல்லை. பாதிப்பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். சென்னிமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி மட்டும் நிற்கவே இல்லை. ஏற்றக்கோணம் எடுத்துக்கொண்டிருந்தாள், திரை அணைந்ததும் சாக்பீஸை எடுத்து மலையையும் அடிவாரத்தில் ஒரு ஆளையும் இரண்டு கோட்டில் வரைந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவள் ஸ்லைடில் எழுத்து பெரிது, ஒரு பக்கத்துக்கு ஐந்து வரிக்கு மேல் இல்லை என்பதையும் கவனித்தேன். பின்வரிசையில் இருந்த எனக்கே கண்ணாடி இல்லாமல் தெரிந்தது. சிவப்பு எழுத்தை நிறையப் போட்டவர்கள் பாடம் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

இப்போது பெரிய குறைக்கு வருகிறேன். எட்டு நாளில் தமிழ் டைப்பிங் ஒரு மணி நேரம்கூட இல்லை. இருபத்தெட்டுப் பேரில் பெரும்பாலோர் தமிழ்வழிப் பள்ளிக்குப் போகிறவர்கள். கேன்வாவில் ஆங்கில டெம்ப்ளேட்டை அலங்கரிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ‘நாற்கரம்’ என்று ஒரு தலைப்பு அடிக்கத் தெரியாமல் அனுப்பினால் எப்படி? ஒரு பெண் வீட்டில் பழைய வானவில் எழுத்துருவில் அடித்து பென் டிரைவில் கொண்டுவந்தாள். மையத்துக் கம்ப்யூட்டரில் திறந்தால் எல்லாம் ஆங்கிலக் குறிகளும் கொம்பும் புள்ளியுமாகக் கொட்டியது. எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரிகிற யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை என்று யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம். அவள் அழாத குறை. பக்கத்தில் உட்கார வைத்து தமிழ்99 விசைப்பலகையை நான்தான் காட்டினேன்: இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய், ஒரே எழுத்தை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். 1999-லேயே அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. ஒரு வாரம் பழகினால் கை ஓடும். அவசரத்துக்குப் போனில் வாயால் சொல்லி டைப் செய்து மெயிலில் அனுப்பிக்கொள்ளலாம், அதையும் அந்த இளைஞர் சொல்லவில்லை.

சாட்ஜிபிடி பற்றி ஒரு மதியம் இருந்தது. எட்டாம் வகுப்புக்கு ஒரு லெசன் பிளான் எழுதச் சொன்னார்கள், ஒரு நிமிஷத்தில் வந்தது. பிள்ளைகள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, ரெக்கார்டு நோட் எழுதும் வேலை போயிற்று என்று. வந்த பிளானில் பாதி நம் பாடப்புத்தகத்தில் இல்லாதது. அதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்தச் சொல்லியிருந்தால் நல்ல பயிற்சி, சொல்லவில்லை.

அரசுப் பள்ளி நிலவரம் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. தமிழ்நாட்டில் 6,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்று கம்ப்யூட்டர் அறை வைத்திருக்கிறார்கள். அரசின் மணற்கேணி ஆப் 2023-இல் வந்தது, நம் பாடத்துக்கே வீடியோ இருக்கிறது, காசு கிடையாது. வேலைக்கு வரும் பிள்ளைகள் முதலில் தொடப்போவது இவற்றைத்தான். ஒரு நாளாவது இதற்கு ஒதுக்க வேண்டும்.

மதியச் சாப்பாடு கட்டணத்தில் சேராது. கீழே எதிர் சந்தில் ஒரு மெஸ் இருக்கிறது, சனிக்கிழமை அரிசிம்பருப்பு சாதம் போடுவார்கள், நெய் கேட்டால் ஊற்றுவார்கள். ஒன்றரை மணிக்கு மேல் போனால் தீர்ந்துவிடும். சான்றிதழ் கனமான அட்டையில் தருகிறார்கள், வேலைக்கு அதனால் ஒன்றும் நடக்காது.

சேரப் போகிறவர்களுக்கு: சொந்த லேப்டாப் இருந்தால் தூக்கிக்கொண்டு போங்கள். நீங்கள் எடுக்கப்போகிற பாடப்புத்தகத்தையும் கொண்டுபோங்கள். கடைசி இரண்டு வாரத்துக்கு மட்டும் சேர முடியுமா என்று நான் கேட்டேன், முடியாது என்றார்கள். நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் விட்டாலும் விடுவார்கள். பணம் கட்டும் முன் அந்தக் கணக்குப் பெரியவர் இந்த பேட்சுக்கு வருகிறாரா என்று போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வரவில்லை என்றால் அடுத்த பேட்ச் வரை பொறுங்கள்.