குன்னூர் வீட்டில் ஒரு கதவு

3 வாரம் ஊரில் இருந்தேன். அதில் 9 நாள் ஒரு படுக்கையறைக் கதவோடு போச்சு. மலையேற வாங்குற இ-பாஸ், வழியில் பர்லியார் மலைப்பாதை வளைவுகள், தின்னுற வர்க்கி எல்லாம் உங்களுக்கே தெரியும். நேரா கதவுக்கு வர்றேன்.

நவம்பர் மழை. கதவின் பூட்டுப் பக்கத்து மேல்முனை நிலைச்சட்டத்தில் இடிக்குது, கீழ்முனை தரையை உரசுது. தூக்கிப் பிடிச்சு இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினால்தான் சாத்தும். 76 வயசில் அம்மா தினமும் அப்படித்தான் தள்ளிக்கிட்டிருக்காங்க. "மழைக்கு ஊதியிருக்கு, தை பொறந்தா சரியாயிடும்"னு சமாதானம் வேற.

நான் இருக்கிற டொரண்டோவில் தச்சரைக் கூப்பிட்டால் பர்ஸ் காலியாகும். ஆனால் பத்து மணின்னா பத்து மணிக்கு வாசலில் நிப்பான். இங்கே நாலு நாளா ஒரே பதில்: "வெலிங்டன்ல இருக்கேங்க்கா, இதோ வந்துட்டேன்." குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கிற வெலிங்டன் என்ன டெல்லியிலா இருக்கு?

ஒருவழியா வந்தவர் மெஷினை ஓட்டி, இடிக்கிற மூலையைச் சீவித் தள்ளிட்டு 800 ரூபாய் வாங்கிக்கிட்டுப் போனார். ரெண்டே நாள். மறுபடி இடி. இன்னொருத்தர் வரவே இல்லை, வாட்ஸப்பில் போட்டோ பார்த்தே தீர்ப்பு சொல்லிட்டார்: "கதவையே மாத்திடலாம்க்கா."

கடைசியா பக்கத்து வீட்டம்மா சொல்லி ஒரு பெரியவர் வந்தார். மங்கி குல்லா, கையில் ஒரு துணிப்பை. கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடிச்சு லேசா மேலே தூக்கினார். மேல் கீல் நிலையை விட்டு அசைஞ்சுது. எனக்கே கண்ணில் பட்டுது.

"ஊதினா நீளத்துக்கும் உரசும் கண்ணு. இது மூலையில மட்டும் இடிக்குது. கதவு தொங்குது."

எனக்கு 48 வயசு. கண்ணுன்னு கூப்பிட்டதுக்கே ரெண்டாவது காபி கொடுக்கலாம்.

கதவுக்கு அடியில் ஆப்பு வெச்சு, மேல் கீலின் ஸ்க்ரூக்களைக் கழட்டினார். திருப்புளியே வேண்டியிருக்கலை, விரலாலேயே வந்துடுச்சு. ஓட்டைகள் அவ்வளவு தளர்வு. மூங்கில் குச்சியைச் சிம்பு சிம்பா சீவி, ஃபெவிகாலில் தோய்ச்சு ஓட்டைக்குள் அடிச்சு இறுக்கினார். துருத்தின நுனியை உளியால் வெட்டிட்டு, காயட்டும்னு மதியம் வரைக்கும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிறகு கொஞ்சம் நீளமான ஸ்க்ரூ போட்டு முறுக்கினார். ஒத்தை விரலால் தள்ளினேன், சாத்திக்கிச்சு. 400 ரூபாய்.

போகும்போது, மெஷின் சீவின விளிம்பைத் தடவிப் பார்த்து முகம் சுளிச்சார். "பச்சை மரமா விட்டிருக்கான். பெயிண்ட் வைக்காட்டி ஈரத்தைக் குடிக்கும், அப்ப நிஜமாவே ஊதும்." கதவின் தலைமேல் கை வைக்கச் சொன்னார். சொரசொரன்னு இருந்தது. வீடு கட்டின நாளிலிருந்து அங்கே யாரும் பிரஷ்ஷைக் கொண்டுபோனதில்லை. டொரண்டோ வீட்டில் நேரெதிர்க் கதை: குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றுக்கு மரம் சுருங்கி, கதவு லொடலொடன்னு ஆடும்.

இப்போ கதவு நேரா நிக்குது, ஆனால் அந்த 800 ரூபாய்க்காரர் சீவின மூலையில் விரல் நுழையும் சந்து. ராத்திரி அது வழியா குளிர் வருதுன்னு அம்மா பழைய ஸ்வெட்டர் கையை அடைச்சு வெச்சிருக்காங்க. பழக்கதோஷம், இன்னும் இடுப்பால்தான் தள்ளுறாங்க. கதவு படார்னு அடிக்குது.