இருபத்திரண்டாயிரம் ரூபாக் கறுப்புப் பெட்டி

பழைய மோட்டார் சைக்கிளை 6 வோல்ற்றிலிருந்து 12 வோல்ற்றுக்கு மாற்றித் தருகிறேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால், முற்பணம் கொடுப்பதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். நான் கொடுத்துவிட்டு யோசித்தவன்.

என்னுடையது 1954ஆம் ஆண்டு பிரித்தானிய பி.எஸ்.ஏ. பி31, 350 சி.சி. அப்பாவின் வண்டி. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோலும் வராது, பற்றரியும் வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. அப்போதும் அப்பா இந்த வண்டியை ஓட்டினார். சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் கொஞ்சம் காட்டி இயந்திரத்தை எழுப்புவார், பிறகு மண்ணெண்ணெய்தான். பி31க்குத் தீப்பொறி கொடுப்பது மக்னீற்றோ, தானே மின்சாரம் உண்டாக்கும் கருவி. அதற்குப் பற்றரியே வேண்டாம். மக்னீற்றோவின் முதுகில் கட்டியிருக்கும், லூக்காஸ் நிறுவனம் செய்த டைனமோவின் வேலையெல்லாம் விளக்கும் ஹோர்னும் பற்றரிக்கு மின்னேற்றமும் மட்டுமே.

அந்த விளக்குதான் என்னை இந்த வம்புக்குள் இழுத்தது. 6 வோல்ற்றில் 24 வாற் மின்குமிழ் எரிய 4 அம்பியர் மின்னோட்டம் வேண்டும். எழுபது வருடத்து வயரும் துருப்பிடித்த இணைப்புகளும் அதில் பாதியைத் தின்றுவிடும். இரவில் பலாலி வீதியில் மாடு படுத்திருந்தால், மாட்டின் கண் மினுங்கினால்தான் மாடு என்று தெரியும். 6 வோல்ற் பற்றரிக்கும் மின்குமிழுக்கும் ஸ்டான்லி வீதிக் கடைகளில் ஏறி இறங்கி அலுத்தும் போயிருந்தேன்.

நகரத்துக்குச் சற்று வெளியே பழைய வண்டிகளுக்கென்றே கராஜ் வைத்திருக்கும் ஒருவரை நண்பர் காட்டினார். பெயர் எழுதப்போவதில்லை. பேச்சு நன்றாகவே இருந்தது. “அண்ணை, டைனமோவின் கம்பியைத் திரும்பச் சுற்றி 12 வோல்ற் ஆக்குகிறேன். வோல்ற்றளவை அடக்க, வெளிநாட்டிலிருந்து வந்த இலத்திரனியல் ரெகுலேற்றர் ஒன்று கைவசம் இருக்கிறது. பழைய லூக்காஸ் ரெகுலேற்றர் பெட்டி இனித் தேவையில்லை” என்றார். ரெகுலேற்றருக்கு 22,000 ரூபா, சுற்றுக்கூலி 15,000, பற்றரி, விளக்கு, ஹோர்ன் எல்லாம் சேர்த்து 61,000. முற்பணமாக 40,000 கொடுத்தேன். இரண்டு கிழமை என்றவர் இரண்டரை மாதம் எடுத்தார். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. எங்கள் ஊரில் கராஜ்காரரின் கிழமைக்கு ஏழு நாள் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை.

வண்டி வந்த அன்று விளக்கு பகலைப்போல் எரிந்தது. கார்களுக்குப் போடும் 60/55 வாற் ஹலோஜன். அந்த டைனமோவின் முழுக் கொள்ளளவே 60 வாற்தான் என்பதை அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை. விளக்கே எல்லாவற்றையும் குடித்துவிட்டால் பற்றரிக்கு என்ன மிஞ்சும்? நகரத்துக்குள் மெதுவாக ஓட, அரை மணித்தியாலத்தில் விளக்கு மங்கத் தொடங்கியது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பற்றரிக்கு மின்சாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்மீற்றரின் முள், மின்னேற்றம் நடக்கும்போது இடப்பக்கம், அதாவது இறங்கும் பக்கம், சாய்ந்தது. கேட்டதற்கு, “பழைய மீற்றர் அண்ணை, அது அப்படித்தான்” என்றார். அது அப்படி அல்ல. அந்தக் கால பிரித்தானிய வண்டிகளில் பற்றரியின் நேர் முனைதான் வண்டியின் இரும்புச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். அவர் அதை எதிர் முனைக்கு மாற்றிவிட்டு, அம்மீற்றரின் இரண்டு வயர்களை மாற்றாமல் விட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், விளக்கில்லாமல், ஆனையிறவுப் பக்கம் வேகமாகப் போனேன். கொடிகாமம் தாண்டியதும் அழுகிய முட்டை மணம். இருக்கைக்குக் கீழே புதிய பற்றரி பலாப்பழம்போல் வீங்கியிருந்தது. டைனமோவில் கை வைக்க முடியவில்லை.

சுன்னாகத்தில் டைனமோ சுற்றுகிற வயதான ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் பற்றரியில் மீற்றரை வைத்து இயந்திரத்தை முடுக்கச் சொன்னார். 12 வோல்ற் வண்டியில் எவ்வளவு முடுக்கினாலும் 14 வோல்ற் சொச்சத்தில் நிற்க வேண்டும். என்னுடையது 17ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. “நிறுத்து தம்பி” என்றார்.

டைனமோவைத் திறந்தார். புதிய சுற்று எதுவும் இல்லை. லூக்காஸ் சுற்றிய அதே கம்பி, அதே பழைய வார்னிஷ், இப்போது கருகியிருந்தது. பிறகு அந்த வெளிநாட்டு ரெகுலேற்றர். கறுப்புப் பசை ஊற்றி அடைத்த சின்னப் பெட்டி. சூடுகாட்டிப் பசையைச் சுரண்டினால், உள்ளே ஒரேயொரு டயோட். கடையில் இருநூறு ரூபாவுக்கு மேல் போகாது. பற்றரியிலிருந்து மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் போகாமல் டயோட் தடுக்கும், அவ்வளவுதான். வோல்ற்றளவை அடக்க அதனால் முடியாது. டைனமோவில் மின்சாரம் வெளியே வரும் டி முனையையும் காந்தச் சுருளுக்குப் போகும் எஃப் முனையையும் கராஜ்காரர் நேரே முடிந்து விட்டிருந்தார். வேகம் கூடக் கூட உள்ளே காந்தச் சுருளுக்குப் போகும் மின்னோட்டமும் கூடும், அடக்க ஆளில்லை. 6 வோல்ற்றுக்குச் சுற்றிய சுருள் எத்தனை நாள் தாங்கும்?

இதில் எனக்கு ஆறாத விஷயம் வேறு. சட்டத்தில் பூட்டும் பற்றரி முனையை மாற்றினால் டைனமோவின் காந்தத்தையும் புதிய திசைக்குத் திருப்ப வேண்டும். பற்றரியின் உயிர் முனையிலிருந்து, அதாவது சட்டத்தில் பூட்டாத முனையிலிருந்து, எஃப் முனைக்கு ஒரு கணம் வயரைத் தொட்டு எடுப்பார்கள். அதைக் கராஜ்காரர் பிழையில்லாமல் செய்திருந்தார். வேலை தெரியாதவர் அல்ல.

சுன்னாகத்து ஐயா சொன்ன இன்னொன்று: 12 வோல்ற்றுக்கு மாற்ற இந்த டைனமோவைச் சுற்றவே தேவையில்லையாம். டைனமோவுக்கென்றே செய்த 12 வோல்ற் இலத்திரனியல் ரெகுலேற்றரை லூக்காஸ் பெட்டிக்குள்ளேயே மறைத்துப் பொருத்தி, பற்றரி, மின்குமிழ், ஹோர்ன் மாற்றி, ஒரு பியூஸ் போட்டால் முடிந்தது. சற்றுக் கூடிய வேகத்தில்தான் மின்னேற்றம் தொடங்கும். 55 வாற் ஆசையை விட்டு எல்.ஈ.டி. போட வேண்டும்.

ஆனால் அந்த லூக்காஸ் பெட்டி எங்கே? கராஜுக்குப் போய்க் கேட்டேன். “உக்கிப்போயிருந்தது அண்ணை, எறிந்துவிட்டேன்.” நான் கொடுத்தபோது அது வேலை செய்துகொண்டிருந்த பெட்டி. அசல் லூக்காஸ் பெட்டிக்குக் கொழும்பில் என்ன விலை கேட்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிய வந்தது. கழற்றிய சாமான்களை ஒரு பையில் போட்டுத் தாருங்கள் என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். பற்றுச்சீட்டும் இல்லை, கேட்க வெட்கப்பட்டேன். மிச்சம் 21,000ஐயும் வண்டி வந்த அன்றே கொடுத்து முடித்திருந்தேன்.

கருகிய டைனமோ இப்போது சுன்னாகத்து ஐயாவிடம் இருக்கிறது, கம்பி வந்ததும் சுற்றித் தருவார். வண்டி மக்னீற்றோவில் ஓடுகிறது, பற்றரி இல்லாமல், அப்பா ஓட்டியதுபோலவே. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.