சராசரிக்குக் கீழே ஸ்கோர்: எந்தச் சோதனையை எவ்வளவு நம்பலாம்?

கிராபிக்ஸ் கார்டை மாட்டி பெஞ்ச்மார்க் (வேகத்தை அளக்கும் சோதனை) ஓட்டியதும் 'சராசரியைவிடக் குறைவு' என்று திரையில் வந்தால், எதனுடைய சராசரி என்று முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மென்பொருளும் உங்கள் கார்டை வேறொரு கூட்டத்தோடு நிறுத்தி அளக்கிறது. கார்டில் உண்மையிலேயே கோளாறா என்று அறிய 3டிமார்க்தான் முதலில் ஓட்ட வேண்டியது. யூனிஜின் சூப்பர்பொசிஷன் அதற்கு நல்ல துணை. ஃபர்மார்க் ஸ்கோருக்கான கருவியே அல்ல. யூசர்பெஞ்ச்மார்க் சொல்லும் பெர்சென்டைலை (நூறு பேர் வரிசையில் எத்தனை பேருக்கு மேலே என்ற எண்) மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

3டிமார்க்: மொத்த ஸ்கோரை விட்டுவிடுங்கள்

3டிமார்க்கில் 2016-இல் வந்த டைம் ஸ்பை சோதனை, டைரக்ட்எக்ஸ் 12-இல் 2560×1440 ரெசல்யூஷனில் ஓடுகிறது. முடிவில் மூன்று எண்கள் வரும்: மொத்தம், கிராபிக்ஸ், சிபியு (பிராசஸர்). பெரிய எழுத்தில் தெரியும் மொத்த ஸ்கோர்தான் பலரைக் குழப்புகிறது. அது கிராபிக்ஸுக்கு 85, சிபியுவுக்கு 15 என்று எடையிட்டுக் கணக்கிடும் இசைச் சராசரி (ஹார்மோனிக் மீன்). இசைச் சராசரியில் சிறிய எண் பெரிய எண்ணைக் கீழே இழுத்துவிடும். கிராபிக்ஸ் 10,000, சிபியுவும் 10,000 என்றால் மொத்தம் 10,000. சிபியு மட்டும் 5,000 ஆனால் மொத்தம் ஏறத்தாழ 8,700. கார்டு துளியும் மாறவில்லை, ஸ்கோரில் 13% போய்விட்டது! பழைய பிராசஸர், ஒற்றைச் சேனலில் ஓடும் ரேம், பயாஸில் போடாமல் விட்ட எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) என்று எல்லாப் பழியும் இப்படிக் கார்டின் தலையில் விழுகிறது.

ஆகவே கிராபிக்ஸ் ஸ்கோரை மட்டும் எடுத்து, அதே மாடல் கார்டுகளின் கிராபிக்ஸ் ஸ்கோரோடு ஒப்பிடுங்கள். 3டிமார்க்கிலேயே 2024-இல் வந்த ஸ்டீல் நோமாட் சோதனையில் சிபியு சோதனையே கிடையாது என்பதால் அங்கே இந்தக் குழப்பமும் இல்லை. கட்டணப் பதிப்பில் உள்ள ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒரே காட்சியை 20 முறை சுழற்றும். ஃபிரேம் ரேட் நிலைத்தன்மை 97 சதவீதத்துக்குக் கீழே போனால், சூடு ஏற ஏறக் கார்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்று பொருள்.

யூசர்பெஞ்ச்மார்க்: வரிசை வேறு, தூரம் வேறு

சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அது தரும் பெர்சென்டைல், வரிசையில் நீங்கள் நிற்கும் இடத்தைத்தான் காட்டுகிறது, எவ்வளவு பின்தங்கியிருக்கிறீர்கள் என்பதை அல்ல. ஒரே மாடல் கார்டுகளின் ஸ்கோர்கள் மிக நெருக்கமாகக் குவிந்திருக்கும். பெரும்பாலானவை 9,600-க்கும் 10,400-க்கும் இடையே இருப்பதாக வைத்துக்கொண்டால், 9,700 எடுத்த கார்டு நடுப்புள்ளியைவிட 3% மட்டுமே குறைவு. வரிசையிலோ கிட்டத்தட்டக் கடைசி. போதாததற்கு, ஓவர்கிளாக் செய்தவையும் (வழக்கமான வேகத்துக்கு மேல் ஏற்றி ஓட்டியவை) அதே வரிசையில் நிற்கின்றன. சோதனை குறுகியது என்பதால் கார்டு முழுச் சூட்டை எட்டுவதும் இல்லை. மானிட்டர் மதர்போர்டில் செருகியிருப்பது போன்ற பெரிய தவறு இருந்தால் கண்டுபிடிக்கலாம், அவ்வளவுதான்.

சூப்பர்பொசிஷனும் ஃபர்மார்க்கும்

சூப்பர்பொசிஷனில் '1080பி எக்ஸ்ட்ரீம்' தேர்வு கிட்டத்தட்ட முழுச் சுமையையும் கார்டின் மேல் ஏற்றுகிறது. பிராசஸரின் குறுக்கீடு குறைவு. டைரக்ட்எக்ஸில் எடுத்த ஸ்கோரை ஓபன்ஜிஎல் ஸ்கோரோடும், எக்ஸ்ட்ரீமை மீடியத்தோடும் ஒப்பிடாமல் இருந்தால் போதும்.

ஃபர்மார்க் எந்த விளையாட்டும் ஏற்றாத சுமையை ஏற்றும். மின்வரம்பைத் தொட்டதும் கார்டு தானாகவே கிளாக்கை (சிப் ஓடும் வேகத்தை) இறக்கிவிடும். அங்கே கிளாக் குறைவாகத் தெரிவது கோளாறு அல்ல, பாதுகாப்பு. பவர் சப்ளை தாங்குகிறதா, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஓட்டலாம்.

எவ்வளவு குறைவு என்பதுதான் துப்பு

அடுத்தடுத்து ஓட்டும்போதே 1 முதல் 3% வரை ஏறி இறங்கும். அந்த அளவுக் குறைவுக்காகக் கேஸைத் திறக்க வேண்டாம். 5–10% என்றால் சூடு, மின்வரம்பு, பின்னணியில் ஓடும் ஸ்கிரீன் ரெக்கார்டிங், அல்லது தயாரிப்பிலேயே கிளாக் குறைந்த மலிவு மாடல். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளின் சென்சார் பக்கத்தில் 'பெர்ஃப்கேப் ரீசன்' என்ற வரி என்விடியா கார்டுகளில் காரணத்தை நேரடியாகவே சொல்லிவிடும்: 'தெர்ம்' என்றால் வெப்பம், 'பவர்' என்றால் மின்வரம்பு. 'பவர்' வந்ததும் பதறக் கூடாது. முழுச் சுமையில் நல்ல கார்டும் அதைக் காட்டும். 'தெர்ம்' வந்தால்தான் தூசி, ஃபேன், தெர்மல் பேஸ்ட் என்று இறங்க வேண்டும்.

20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணம் பெரும்பாலும் அமைப்பில் இருக்கும். கார்டு நீளமான முதல் ஸ்லாட்டில் இல்லாமல் நான்கு லேன் (தரவு செல்லும் பாதை) மட்டுமே உள்ள ஸ்லாட்டில் இருக்கிறதா பாருங்கள். ஜிபியு-இசட்டில் பஸ் வேகத்தை, அதாவது கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ-யின் வேகத்தை, சுமை ஏற்றிய பிறகே படிக்க வேண்டும். சும்மா இருக்கும்போது கார்டு பிசிஐஇ 1.1-க்கு இறங்கி நிற்பது வழக்கம். ஆர்டிஎக்ஸ் 4060 எட்டு லேன் காட்டினால் அது பிறவி அமைப்பு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு நான்கே லேன், பிசிஐஇ 3.0 மதர்போர்டில் அது தடுமாறுவதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. ஃபிரேம் ரேட் கோடு 60-இல் தட்டையாக நின்றால், டிரைவரில் வி-சிங்க்கோ (ஃபிரேம் ரேட்டை மானிட்டரின் வேகத்தோடு பூட்டும் அமைப்பு) ஃபிரேம் வரம்போ போடப்பட்டிருக்கிறது.

பெயரும் ஏமாற்றும். ஜிடிஎக்ஸ் 1060-இல் 3 ஜிபி கார்டுக்கு 1,152 கோர், 6 ஜிபி கார்டுக்கு 1,280. ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபிக்கு 192 பிட் மெமரி பஸ், 8 ஜிபிக்கு 128. ஜிடி 1030-இன் டிடிஆர்4 வகையை ஜிடிடிஆர்5 வகையோடு ஒப்பிடுவதே அநியாயம். மெமரி வேகம் மூன்றில் ஒரு பங்குதான். லேப்டாப்பில் இது இன்னும் மோசம்: ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்புக்கு 35 முதல் 115 வாட் வரை எதை வேண்டுமானாலும் தயாரிப்பாளர் வைக்கலாம். வாட் தெரியாமல் இரண்டு லேப்டாப்களை ஒப்பிட முடியாது. சார்ஜரைக் கழற்றி ஓட்டிய ஸ்கோரைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

இத்தனையும் சரியாக இருந்து, டிரைவரைச் சுத்தமாக நீக்கி மறுபடி நிறுவியும் கிராபிக்ஸ் ஸ்கோர் ஏறாவிட்டால், கார்டை வேறொரு கணினியில் மாட்டி அதே சோதனையை ஓட்டுங்கள். அங்கே ஏறினால் உங்கள் மதர்போர்டு, பவர் சப்ளை, கேபிள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். அங்கும் அதே எண் வந்தால் இரண்டு முடிவுகளையும் ஜிபியு-இசட் பதிவோடு சேமித்து வாரண்டிக்கு அனுப்பலாம்.