காப்பகமா, வெளியேற்ற உத்தரவா?

வீட்டில் அடிவாங்கும் பெண்ணுக்கு அரசு எதைத் தரவேண்டும்: ஒதுங்க ஓர் இடமா, அடிப்பவனை வெளியே அனுப்பும் உத்தரவா?

செலவு: காப்பகத்துக்குக் கட்டடம், ஆள், சாப்பாடு எல்லாம் வேண்டும். உத்தரவுக்கு அவ்வளவு ஆகாது. ஆனால் மீறினால் ஓடிவரப் போலீஸ் வேண்டும்.

பிள்ளைகள்: காப்பகம் போனால் பள்ளி, அக்கம்பக்கம் எல்லாம் அறுந்துபோகும். அடித்தவன் வீட்டில் இருக்க, அடிபட்டவள் மூட்டை கட்டுவது என்ன நியாயமோ! ஆஸ்திரியா 1997இல் இதைத் திருப்பிப்போட்டது. அங்கே போலீசே அவனை உடனே வெளியேற்றலாம். இப்போது தடை இரண்டு வாரம்.

பாதுகாப்பு: கொலைமிரட்டல், ஆயுதம் என்றால் வெறும் காகிதம் காக்காது. முகவரி ரகசியமாக இருக்கும் காப்பகம்தான் சரி. கழுத்தை நெரித்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே கிளம்பவேண்டும்.

அந்த அளவுக்குப் போகாத வீட்டில், முதலில் உத்தரவு.