சூடேறி நின்ற கேம் கன்சோல்: நாமே திறப்பதா, பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதா?

விளையாட்டின் நடுவே மின்விசிறி ஓவென்று இரைந்து, திரை அணைந்துவிட்டால் பெரும்பாலும் தூசிதான் காரணம். வெப்பம் கடத்தும் தகடுகளின் இடுக்கில் அது கம்பளித் துணிபோல் படிந்திருக்கும். இதற்கு நாமே திறப்பது போதும். மின் இணைப்பை எடுத்துவிட்டு, முழுக்க ஆறவிட்டு, விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு மென்தூரிகையால் துடைக்க வேண்டும். பழைய கருவியில் சிப்பின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்த அதன் மேல் தடவிய வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்பாக உதிரும். அதை வழித்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வைக்கலாம்.

பிளேஸ்டேஷன் 5 என்றால் கதை வேறு. அதில் பசைக்குப் பதில் திரவ உலோகம். மின்சாரம் கடத்தும் பொருள். ஒரு சொட்டு சிந்தினாலும் மதர்போர்டு (முதன்மைச் சுற்றுப்பலகை) போய்விடலாம். அங்கே கைவைக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே மேல். உத்தரவாதம் மிச்சமிருந்தாலும் அப்படியே. எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் பழுதாகி மூன்று சிவப்பு விளக்குகள் எரியும் கோளாறுக்கு 2007-இல் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை 3 ஆண்டுகளாக நீட்டியது. அப்போதும் சிலர், சரியாகிவிடும் என்று கன்சோலில் துண்டைச் சுற்றி இன்னும் சூடாக்கிப் பார்த்தார்கள், காய்ச்சல்காரனுக்கு அடுப்படியில் பாய் விரித்த மாதிரி!