வடநெம்மேலி பாம்புப் பண்ணை: கண்ணாடி விரியனை அருகிலிருந்து அறிய

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு முன்பாக உள்ள முதலைப் பண்ணை வளாகத்தில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பார்வையாளர்களுக்குச் செய்து காட்டும் நஞ்செடுப்பு, கண்ணாடி விரியனை அறிந்துகொள்ள நான் கண்ட மிகச் சிறந்த வழியாகும்.

துணியால் வாய் கட்டிய மண்பானையிலிருந்து வெளியே விடப்பட்ட விரியன் ஓடி ஒளியவில்லை. தடித்த உடலைச் சுருட்டிக்கொண்டு, பிரஷர் குக்கர் ஆவி விடுவதுபோல் நெடுநேரம் சீறியது. முக்கோணத் தலையையும், முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலிபோல் ஓடும் கருவிளிம்பிட்ட பழுப்புப் புள்ளிகளையும் நிதானமாகப் பார்க்க முடிந்தது. மலைப்பாம்புக் குட்டி என்று எண்ணி இதைக் கையில் எடுப்போர் இருப்பதால், இந்த அடையாளங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகவே இங்கே வரலாம்.

எலியைத் தேடி வயலுக்கு வரும் இப்பாம்பு, இரவில் நடமாடி, சருகுக்குள் அசையாமல் கிடப்பதால்தான் வெறுங்காலுடன் நடக்கும் உழவர்கள் மிதித்துக் கடிபடுகின்றனர். முட்டையிடாமல் குட்டிகளாகவே ஈனும் இயல்புடையது. ஓர் ஈற்றில் இருபது, முப்பது குட்டிகள்கூட இருக்கும்.

குவளையின் விளிம்பைக் கடிக்கவைத்ததும் நஞ்சு துளித்துளியாக இறங்கியது. இரத்த உறைவைக் குலைத்துச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் அந்த நஞ்சிலிருந்தே நச்சுமுறி மருந்தும் பிறக்கிறது. சில வாரங்களில் பாம்புகளைக் காட்டிலேயே திரும்ப விட்டுவிடுகிறார்கள். இருளர்களின் கைத்திறன் கட்டணத்துக்கு மிக மேலான மதிப்புடையது. கூட்டம் குறைந்த வேலைநாளில் சென்றால் அவர்களிடம் நிறையக் கேட்டறியலாம்.